மழை குழாயில் வந்தது: பாலு மகேந்திராவும் அவரைச் சூழ்ந்த கதைகளும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 13 ஆம் நாள் தமிழ்ச் சமூக ஊடகங்களில் ஒரு முகம் தவறாமல் வந்து நிற்கிறது. தலையில் தொப்பி, கண்ணாடிக்குப் பின்னே கூர்ந்த பார்வை. 2014 ஆம் ஆண்டு அந்நாளில் சென்னையில் மறைந்த ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திராவின் முகம் அது. அதன் கீழே எழுதப்படுவனவும் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒன்றே: டேவிட் லீனைக் கண்ட சிறுவனின் கதை, விளக்கே வைக்காமல் படம் பிடித்த மாயக்காரரின் கதை, முகத்துக்கு நேரே பேசிவிடும் முன்கோபியின் கதை. இக்கதைகள் இனியவை. சொல்பவரின் அன்பிலும் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வியை ஒத்திப்போட முடியாது. அம்மனிதர் ஒளிவுமறைவின்றிப் பேசினார் என்று பெருமைப்படுகின்ற தமிழ்ச் சமூகம், அவர் பேசியவற்றுள் எதைக் கேட்டது?

முதற்கதையிலிருந்தே தொடங்கலாம். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலாவின்போது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பைக் காண நேர்ந்ததாகவும், இயக்குநர் டேவிட் லீன் “மழை” என்று உரக்கச் சொன்ன கணத்தில் மழை பெய்யக் கண்டு வியந்து, தானும் ஓர் இயக்குநராவது என்று அங்கேயே முடிவு செய்ததாகவும் அவரே பலமுறை கூறியிருக்கிறார். கதையைத் திரும்பச் சொல்பவர்கள் சிறுவனின் வயதைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள். படம் 1957 இல் வெளியானது. இலங்கையின் கித்துள்கலப் பகுதியில் படப்பிடிப்பு 1956 இன் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நடந்தது. அவர் பிறந்த ஆண்டாகப் பரவலாகச் சொல்லப்படும் 1939 ஐ ஏற்றால், அப்போது அவருக்குப் பதினேழு வயது. வாய் பிளந்து நின்ற குழந்தையாக அவர் இருந்திருக்க முடியாது. விவரம் தெரிந்த இளைஞராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இது வெறும் ஆண்டுக் கணக்குப் பிழை என்று தள்ளிவிடலாம். ஆனால் கதை எதை மறைக்கிறது என்பதை இப்பிழை காட்டிக்கொடுக்கிறது. லீன் சொன்னதால் மழை பெய்யவில்லை. நீரும் குழாயும், அவற்றைப் பிடித்து நின்ற தொழிலாளர்களும், எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே செய்த ஏற்பாடும் சேர்ந்துதான் மழையாயின. கதை கட்டளையை நினைவில் வைத்துக்கொண்டது, குழாயை மறந்துவிட்டது. பாலு மகேந்திராவைப் பற்றிய ஏனைய கதைகளும் இவ்வாறே இயங்குகின்றன.

அவற்றுள் முதன்மையானது ‘இயற்கை ஒளி’ என்னும் கதை. அவர் விளக்கே பயன்படுத்தமாட்டார், கதிரவனுக்காகக் காத்திருப்பார், கிடைத்த ஒளியில் அப்படியே எடுத்துவிடுவார் என்று சொல்லப்படுகிறது. இதில் உண்மையின் ஒரு பாதி இருக்கிறது. படப்பிடிப்புத் தளங்களின் கடும் ஒளியில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு சுவரும் ஒரே அளவில் பளபளத்துக்கொண்டிருந்த காலத்தில், சன்னல் வழியே வரும் ஒளிக்கு ஒரு திசை உண்டு, மாலைக்கு ஒரு நிறம் உண்டு, முகத்தின் ஒரு பாதி இருளில் இருக்கலாம் என்பதைத் தமிழ்த் திரைக்குக் கற்றுத் தந்தவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ (1978), அவரே இயக்கிய ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூடுபனி’ (1980) ஆகியவற்றைப் பார்ப்பவர் இதனை எளிதில் உணர்வர்.

மறுபாதி, உழைப்பு. அக்காலத்தில் வழக்கிலிருந்த வண்ணப் படச்சுருளின் ஒளியுணர்திறன் 100 ஏ.எஸ்.ஏ. அளவினது. இன்றைய கைப்பேசி காணும் இருளில் பத்தில் ஒரு பங்கைக்கூட அச்சுருளால் காண இயலாது. எடுத்த காட்சியை உடனே திரையில் சரிபார்க்கும் வசதியும் கிடையாது. ஆய்வகத்திலிருந்து பிரதி வரும்வரை ஒளிமானியையும் தன் கண்ணையும் நம்பியே இருக்க வேண்டும். ஓர் அறையில் சன்னல் ஒளி மட்டுமே இருப்பதாகத் தோன்றச் செய்வதற்கு, அந்த ஒளி சுவரில் பட்டு எவ்வளவு திரும்புகிறது, நிழல் எந்த அளவுக்கு மேல் கறுத்தால் சுருளில் ஒன்றும் பதியாமல் போகும் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கு இருப்பதே தெரியாமல் செய்வதுதான் இந்தக் கலை. வங்கத்தில் சுப்ரதா மித்ரா ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் அமைத்தபோது, மேலே வெண்துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சித் திருப்பி, வானத்து ஒளியின் மென்மையைக் கொண்டுவந்தார். இயற்கையான ஒளி என்று அன்றைய பார்வையாளர் கண்டது அந்தத் துணியைத்தான். புனேத் திரைப்படக் கல்லூரியில் 1966 இல் சேர்ந்து 1969 இல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்த பாலு மகேந்திரா, இந்த மரபை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ராமு காரியாட்டின் ‘நெல்லு’ (1974), சேதுமாதவனின் ‘சட்டக்காரி’ (1974), பரதனின் ‘பிரயாணம்’ (1975) என்று மலையாளத்தில் பிறருக்காக உழைத்துக் கைதேர்ந்த பிறகே ‘கோகிலா’ (1977) வழியாகக் கன்னடத்தில் இயக்குநரானார். மாயம் என்று சொல்லி இந்தப் பத்தாண்டுப் பயிற்சியை அழித்துவிடுவது பாராட்டாகாது.

மும்பைத் தமிழர்களுக்கு இங்கே ஓர் ஒப்பீடு எளிதாக விளங்கும். இந்நகரின் திரையுலகில் ஒளிப்பதிவாளரைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதை, குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ (1959) படத்தில் வி. கே. மூர்த்தி படைத்த ஒளிக்கற்றை. படப்பிடிப்புத் தளத்தின் வெளியே ஒரு பெருங்கண்ணாடி, உள்ளே மேலே இன்னொரு கண்ணாடி. கதிரொளியை முன்னது பிடித்துப் பின்னதற்கு அனுப்ப, அது இருண்ட அரங்கினுள் நீள்கற்றையாய் இறங்கியது. இக்கதையில் வியப்பும் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. மூர்த்தியே அதனை விளக்கி வந்தார். அதைவிட முக்கியமாக, படம் கண்முன்னே இருக்கிறது. ஐயமுள்ளவர் இன்றே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கதைக்குச் சான்று படம். படம் இல்லாமற்போனால் கதை வெறும் வாய்மொழி.

அடுத்தது, அவருடைய நாக்கைப் பற்றிய கதைகள். அவர் வெளிப்படையாகப் பேசியவர் என்பதில் மிகை ஏதும் இல்லை. தமிழ்ப் படத்துக்குப் பாடல்கள் தேவையில்லை என்ற கருத்தை, பாடல்களால் வாழ்ந்த ஒரு தொழிலுக்குள் இருந்துகொண்டே சொன்னார். வணிகப் படம் எடுக்கத் தெரியாதா என்ற கேள்விக்கு 1984 இல் ஒரு முழுநீள மசாலாப் படத்தையே எடுத்து, அதற்கு ‘நீங்கள் கேட்டவை’ என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பே ஒரு பதிலடி. தம் படங்களுள் பிழைகள் குறைந்தவை எவை என்று கேட்டபோதெல்லாம் ‘வீடு’ (1988), ‘சந்தியா ராகம்’ (1989) என்னும் இரண்டை மட்டுமே முன்வைத்தார். ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்ததும், தமிழர் இன்றளவும் கொண்டாடுவதுமான ‘மூன்றாம் பிறை’ (1982) அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. தம் வெற்றிகளையே இவ்வாறு தரம்பிரித்துச் சொல்லும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

எனினும் வெளிப்படைத்தன்மையைப் புனிதமாக்கும் கதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். 1980 மே மாதம் நடிகை ஷோபா பதினெட்டு வயது நிறையும் முன்பே இறந்தார். அதன்பின் பாலு மகேந்திரா வார இதழில் அவரைப் பற்றித் தொடர் எழுதினார், மற்றவர்களும் எழுதினார்கள், திரைப்படங்களும் அச்சாயலில் வந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படும் அக்கதைகளில் ஷோபா ஓர் ஆணின் வாழ்க்கையின் அத்தியாயமாகவே மீந்திருக்கிறார். ‘பசி’ (1979) படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகை அவர். ‘முள்ளும் மலரும்’ படத்தில் சொற்களைக் காட்டிலும் பார்வையால் பேசியவர். ஒருவர் தம் வாழ்வைத் தாமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார் என்பதனாலேயே சொல்லப்படாதவர்களின் பக்கம் நிறைந்துவிடாது. மேதையின் கதை எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவுக்கு அதனருகில் நின்றவர்கள் சிறுத்துப்போகிறார்கள். அவர்களுக்கு நியாயம் செய்யக்கூடிய சான்றும் அவர்கள் நடித்த படங்களே.

இங்கேதான் பாலு மகேந்திரா வெளிப்படையாகப் பேசியவற்றுள் மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட ஒன்று வருகிறது. தம் இறுதி ஆண்டுகளில் அவர் ஒரு செய்தியை மேடைதோறும் திரும்பத் திரும்பச் சொன்னார். தாம் பெரிதும் மதித்த ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய படங்களின் மூலச்சுருள்கள், அதாவது நெகட்டிவ்கள், இல்லாமற்போய்விட்டன என்பதே அது. தமிழ்ப் படங்களைக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று அரசைக் கேட்டார். முன்கோபியின் கதைகளை விரும்பிப் பகிர்பவர்கள் இந்தக் கோபத்தை மட்டும் பகிர்வதில்லை. மற்றைக் கோபங்கள் சுவையானவை. இந்தக் கோபம் செலவு வைப்பது.

‘வீடு’ படத்தின் இழப்பு எத்தகையது என்பதை டோம்பிவிலியில் வாழும் தமிழருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாடகைக்கோ ஒண்டுக்குடித்தனமாகவோ வாழ்ந்த குடும்பங்கள் பல, சொந்தமாக இரண்டு அறை வேண்டும் என்ற ஒரே கணக்கில் மத்திய ரயில் தடத்தின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தன. நாள்தோறும் நெரிசலில் தொங்கிச் செல்லும் மணிக்கணக்கான பயணம் அந்தச் சொந்த வீட்டுக்கு அவர்கள் கொடுத்த விலையின் ஒரு பகுதி. ‘வீடு’ படத்தின் சுதா சென்னைக்காரி; ஆனால் அவள் போடும் கணக்கு இவர்களுடையது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி, கடன், விற்ற நகை, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர், அவர் சிமென்ட்டைத் திருடுவதை வெளிப்படுத்தும் சித்தாள் மங்கம்மா, பாதி எழுந்த சுவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோகும் தாத்தா. இறுதியில் நிலம் குடிநீர் வாரியத்துக்குரியது என்ற செய்தி வருகிறது. பாடல் ஒன்றும் இல்லாத இப்படம், எண்பதுகளின் கீழ்நடுத்தரத் தமிழ்க் குடும்பம் வீட்டை எப்படிக் கனவு கண்டது, அக்கனவு எந்தெந்த மேசைகளில் சிக்கியது என்பதற்கு ஓர் ஆவணம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது; சொக்கலிங்க பாகவதரின் முதுமையைப் பதிவு செய்து வைத்தது. வேறு எந்த அரசுக் கோப்பிலும் இவை இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக எழுகின்றன. ஒன்று, படம் இணையத்தில் கிடைக்கிறதே, பிறகென்ன என்பது. கிடைப்பது படத்தின் சாயல். மூலச்சுருளிலிருந்து பிரதி, தேய்ந்த பிரதியிலிருந்து தொலைக்காட்சி நாடா, நாடாவிலிருந்து சுருக்கப்பட்ட எண்மக் கோப்பு என்று ஒவ்வொரு படியிலும் முதலில் அழிவது நிழலினுள் இருக்கும் நுண்மை. வெளிச்சமான முகங்களை மட்டும் நம்பிய படங்கள் இந்த அழிவை ஓரளவு தாங்கும். நிழலையே மொழியாகக் கொண்ட ஒருவரின் படம் தாங்காது. சன்னலோரம் அமர்ந்த பெரியவரின் இருண்ட கன்னத்தில் இருந்த அத்தனை சாம்பல் படிகளும் ஒரே கரும்பட்டையாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ஓர் இளம் மாணவர், “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்டால் பிழை அவருடையதன்று. அவர் பார்த்தது பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவே அல்ல.

மற்றொன்று, படச்சுருள் தயாரிப்பாளரின் உடைமை, அரசுக்கு அதில் என்ன வேலை என்பது. நூலும் பதிப்பாளரின் உடைமைதான். ஆயினும் 1954 ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் குறிப்பிட்ட பொது நூலகங்களைச் சேர வேண்டும். சென்னையில் கன்னிமாரா, மும்பையில் பழைய டவுன் ஹாலில் இயங்கும் மத்திய நூலகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இச்சட்டத்தால் எந்தப் பதிப்பாளரும் உரிமை இழக்கவில்லை. திரைப்படத்துக்கு மட்டும் இத்தகைய கட்டாயம் இன்றுவரை இல்லை. புனேயில் 1964 இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெரும்பணி ஆற்றியிருக்கிறது. ஆனால் கொடுப்பவர் கொடுத்தால்தான் அது வாங்க முடியும். தமிழ்நாட்டிலோ, தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006 முதல் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தால் போதும் என்று பல ஆண்டுகள் விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த வரிக்கு ஈடாக, படத்தின் ஒரு நல்ல பிரதியைக் காப்பகத்துக்குத் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தால், இன்று தமிழ்நாட்டின் கையில் ஒரு பெருஞ்செல்வம் இருந்திருக்கும். தலைப்பைக் காத்த அரசு படத்தைக் காக்கவில்லை.

தமிழுக்கு இந்த இழப்பு புதிதன்று. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. தென்னகத்து மௌனப் படங்களுள் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) போன்ற அரிய விதிவிலக்கைத் தவிர ஏனையவை அழிந்தன. அவை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளின் காலத்தவை, காப்பாற்றும் அறிவும் அன்று குறைவு என்று ஆறுதல் சொல்லலாம். ‘வீடு’ வெளியானது 1988 இல். அதன் படைப்பாளி கால் நூற்றாண்டுக்கும் மேல் அதன்பின் உயிரோடிருந்தார், கேட்டுக்கொண்டும் இருந்தார். அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளித்த நாற்றம் எடுக்கும் என்பதும், குளிரும் வறட்சியும் உள்ள அறையில் நெடுங்காலம் நிலைக்கும் என்பதும் அறியப்பட்ட செய்திகள். இதற்குத் தேவை மேதைமையன்று. குளிரூட்டிய அறையும், மின்கட்டணமும், பட்டியல் எழுதும் பணியாளரும், ஆண்டுதோறும் தவறாத நிதி ஒதுக்கீடுமே.

காப்பகம் ஒன்று தோன்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இன்னொரு கதையாகிவிடக்கூடும். காப்பகத்திலும் தீப்பிடித்திருக்கிறது, 2003 இல் புனேயில் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின. எந்தப் படத்தை முதலில் காப்பது என்ற கடினமான தேர்வும் எழும். பெருநட்சத்திரங்களின் படங்களே முதலிடம் பெறும் அபாயம் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு சுருள் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த ஒரு பதிவேடுகூட இல்லாத நிலையைவிட அது மேலானது.

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி முதலிய மாணவர்களைப் பாலு மகேந்திராவின் உயிருள்ள ஆவணம் என்று சொல்வதுண்டு. அது உண்மை. எழுபது வயதைக் கடந்தபின் சிறிய எண்மக் கேமராவைக் கையிலெடுத்து, ‘தலைமுறைகள்’ (2013) படத்தைத் தாமே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, படத்தொகுப்பும் செய்து, நடித்தும் காட்டிய ஆசிரியரிடம் கற்றவர்கள் அவர்கள். ஆனால் மாணவர்களும் ஒரு நாள் நினைவுகளாகிவிடுவர். அவர்களுக்குப் பின் வருபவர் குருவின் குருவைத் தேடும்போது, கையில் கிடைக்க வேண்டியது படம். தொப்பியணிந்த ஒரு முகமும் நான்கு கதைகளும் மட்டும் கிடைத்தால், தமிழ்த் திரையின் வரலாறு புராணமாகச் சுருங்கிவிடும்.

கித்துள்கலவில் அந்த இளைஞர் பார்த்தது ஒரு கட்டளையையும் மழையையும். பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் கற்றதும் கற்பித்ததும் குழாயை எங்கே வைப்பது என்பதைத்தான். அடுத்த பிப்ரவரி 13 அன்றும் அந்த மழையின் கதை சொல்லப்படட்டும். சொல்பவர் அதனடியில் ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதினால் போதும்: ‘வீடு’ படத்தின் மூலச்சுருள் எங்கே? அவர் இருந்திருந்தால் அன்றும் உரக்கக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.